டோக்கன் நம்பர் 2218

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸின் படிப்பகத்தில் மூவாயிரம் புத்தகங்கள் இருந்தன. எந்தப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது என்பது நூலகர் சிரிலின் தலைக்குள் மட்டுமே இருந்தது. அவர் ஒரு நாள் லீவு போட்டால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

அதனால் அவர் இணையத்திலிருந்து ஒரு நூலக மென்பொருளை இறக்கினார். அதற்குக் காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று திறந்து பார்க்கலாம். சரியில்லாத இடத்தைத் திருத்தவும் செய்யலாம்.

“சும்மா குடுத்துட்டு அப்புறம் இன்னா கேப்பாங்க அங்கிள்?” என்று வாணி சந்தேகத்தோடு கேட்டாள்.

“ஒண்ணும் கேக்க மாட்டாங்க. தப்பு இருந்தா சொல்லச் சொல்லுவாங்க. அவ்ளோதான்.”

வாணி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். தமிழிலும் கன்னடத்திலும் வேகமாகத் தட்டச்சு செய்வாள். தன்னைப் போல ஒழுங்காக வேலை செய்பவர்கள் உலகத்தில் ரொம்பக் குறைவு என்ற எண்ணமும் அவளுக்கு உண்டு. உறுப்பினர் பட்டியலைத் தானே ஏற்றுவதாகச் சொல்லி, அவர்கள் எழுதிக் கொடுத்த படிவக் கட்டோடு உட்கார்ந்துவிட்டாள்.

ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வேண்டும் என்று மென்பொருள் கேட்டது. சிரில் யோசித்தார். படிப்பகத்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் சுரங்கத்தில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த டோக்கன் நம்பரைத் தூக்கத்தில் கேட்டாலும் சரியாகச் சொல்வார்கள்.

“புது நம்பர் குடுத்தா மறந்துடுவாங்க. டோக்கன் நம்பரையே போட்டுடு. மத்தவங்களுக்கு போன் நம்பர்” என்றார் சிரில்.

நல்ல யோசனைதான். ஐந்து வாரம் வரைக்கும் நல்ல யோசனையாகவே இருந்தது.

ஆறாவது வாரம், ஒரு சனிக்கிழமை மாலை, முனுசாமி தாத்தா வந்தார். அவருக்குத் துப்பறியும் கதைகள் என்றால் உயிர். இரண்டு நாளில் ஒன்றை முடித்துவிடுவார். புத்தகம் அழுக்காகக் கூடாது என்று பேப்பர் அட்டை போட்டுப் படிப்பவர் அவர் ஒருவர்தான். அன்றைக்கு எடுத்த கதையை மேசைமேல் வைத்து, “டூ டூ ஒன் எய்ட்” என்றார்.

சிரில் எண்ணைத் தட்டினார். திரையில் வந்ததை அப்படியே வாய்விட்டுப் படித்தார். “இவரிடம் ஒரு புத்தகம் பாக்கி உள்ளது. கெடு முடிந்து இரண்டு நாள் ஆகிறது. புதிய புத்தகம் தர இயலாது.”

பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆறு பேரும் தலையைத் தூக்கினார்கள்.

“எந்தப் பொஸ்தகம்?” என்றார் முனுசாமி தாத்தா.

“ஆடு வளர்ப்பு.”

“நானு ஆடு வளக்கறேனா?”

யாரோ சிரித்துவிட்டார்கள். தாத்தாவின் முகம் சுருங்கியது.

“முப்பது வருஷமா வர்றேன். ஒரு பொஸ்தகம் லேட் பண்ணியிருப்பேனா? இந்த மிஷினு என்னைத் திருடன்னு சொல்லுது. நீயும் அதப் படிச்சுக் காட்டற!”

கையிலிருந்த கதையை அலமாரியில் அதே இடத்தில் திருப்பி வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

‘தாத்தா மறந்திருப்பார்’ என்றுதான் வாணி நினைத்தாள். பட்டியலை ஏற்றியது அவள். அதில் எப்படித் தப்பு வரும்?

திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாய், புதன் என்று ஒரு வாரமே வரவில்லை. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து கொட்டாவி விட்டார். வாணிக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அவள் கணினியில் 2218 என்று தட்டி, அந்த எண்ணில் போன புத்தகங்களைப் பார்த்தாள். துப்பறியும் கதை, துப்பறியும் கதை, ஆடு வளர்ப்பு, மறுபடியும் துப்பறியும் கதை. ஆடு வளர்ப்பு மட்டும் கன்னடப் புத்தகம், சிரில் லீவு போட்ட நாளில் போனது.

“அங்கிள், தாத்தாவுக்குக் கன்னடம் படிக்க வருமா?”

“பேசுவார். மார்க்கெட்ல பேரம் பேசினா கடைக்காரனே அசந்துபோவான். படிக்க மட்டும் ஒரு எழுத்து வராது. பஸ் போர்டைக்கூட என்னைத்தான் கேப்பார்.”

சொன்ன பிறகுதான் சிரிலுக்கு உறைத்தது: அது தாத்தா எடுத்த புத்தகமாக இருக்க முடியாது. வாணி படிவக் கட்டைப் பிரித்துத் தேடினாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு தாள்கள் கிடைத்தன.

இரண்டிலும் பெயர் எம். முனுசாமி. இரண்டிலும் டோக்கன் 2218. ஒருவர் வீடு சாம்பியன் ரீப்ஸ். இன்னொருவர் வீடு மாரிகுப்பம், மைசூர் மைன் பக்கம்.

“அடடா!” சிரில் நெற்றியில் அடித்துக்கொண்டார். “மைனுக்கு மைன் தனித்தனி டோக்கன் ஆச்சே! சாம்பியன் மைன்லயும் 2218 இருக்கும், மைசூர் மைன்லயும் இருக்கும். எனக்கு இது தோணவே இல்லையே.”

வாணிக்கு இப்போது நினைவு வந்தது. இரண்டாவது தாளைத் தட்டியபோது திரை அவளைக் கேட்டது: ‘இதே பெயர், இதே எண்ணில் ஒருவர் இருக்கிறார். இருவரும் ஒருவர்தானா? சேர்த்துவிடலாமா?’ யாரோ கவனமில்லாமல் இரண்டு படிவம் எழுதிவிட்டார்கள் என்று எரிச்சலோடு ‘ஆம்’ என்று அழுத்திவிட்டாள். முகவரியைப் பார்க்கவே இல்லை.

“சேத்தது நான்தான் அங்கிள்” என்றாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

சிரில் திட்டவில்லை. சேர்த்ததை எப்படிப் பிரிப்பது என்றும் அவருக்குத் தெரியவில்லை. மென்பொருளை உருவாக்குபவர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்தில் நடந்ததை எழுதிப்போட்டார்.

மறுநாள் பரத் என்ற ஒருவர் பதில் எழுதியிருந்தார். பிரிக்கும் வழியை வரிசையாகச் சொல்லியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வியும் இருந்தது: ‘இனி யாருக்கும் இப்படி நடக்காமல் இருக்க நாங்கள் எதை மாற்ற வேண்டும்?’

“நீயே சொல்லு” என்று சிரில் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

வாணி யோசித்து எழுதினாள்: ‘சேர்க்கலாமா என்று கேட்கும்போது இரண்டு பேருடைய முகவரியையும் பக்கத்துப் பக்கத்தில் பெரிதாகக் காட்டுங்கள். என்னைப் போல அவசரக்காரர்கள் இருப்பார்கள்.’

‘நல்ல யோசனை. அடுத்த பதிப்பில் வந்துவிடும்’ என்று அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

முனுசாமிகள் இருவரும் பிரிந்தார்கள். எண்ணுக்கு முன்னால் சுரங்கத்தின் முதல் எழுத்தைச் சேர்த்தார்கள். ஒருவர் சா 2218, இன்னொருவர் மை 2218. கணினியில் எல்லாம் சரியாகிவிட்டது. தாத்தா மட்டும் வரவில்லை.

வாணி அவர் வீட்டுக்குப் போனாள். வாசலில் டிரம்மில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

“தாத்தா, தப்பு மிஷின் மேல இல்ல. என் மேலதான். உங்களையும் இன்னொரு முனுசாமியையும் ஒரே ஆளாக்கிட்டேன்.”

தாத்தா முழுவதையும் கேட்டார்.

“அவன் எந்த மைனு?”

“மைசூர் மைன்.”

“அதான பாத்தேன். எங்க மைன்ல எவனும் லேட் பண்ண மாட்டான்.”

வாணிக்கு உயிர் வந்தது. “அப்போ நாளைக்கு வருவீங்களா?”

தாத்தா குழாயை மூடினார். “பாப்பா, திருடன்னு சொன்னது அங்க, ஆறு பேர் முன்னாடி. இல்லன்னு சொல்றது இங்க, தண்ணி டிரம் முன்னாடியா?”

வாணி திரும்பி நடந்தாள். அவர் சொன்னது நியாயம்தான். சிரில் அங்கிளைச் சொல்லச் சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்தாள். அவர் நல்லபடியாகவே சொல்லுவார். ஆனால் ‘ஆம்’ என்று அழுத்தியது அவர் இல்லையே.

அடுத்த சனிக்கிழமை ஐந்து மணிக்கு பேப்பர் படிக்கும் ஆறு பேரும் இருந்தார்கள். வாணி கூப்பிட்டதற்காக வந்த முனுசாமி தாத்தா, உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

வாணி எழுந்தாள்.

“எல்லாரும் கேளுங்க. முனுசாமி தாத்தா எந்தப் புத்தகத்தையும் வச்சுக்கல. வேற ஒருத்தர் எடுத்ததை நான் கவனிக்காம அவர் பேர்ல சேத்துட்டேன். தப்பு என்னுது. தாத்தா, மன்னிச்சிடுங்க.”

பேப்பர் படிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சிரித்தவர் எழுந்து, ஜன்னல் பக்கத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

தாத்தா உள்ளே வந்து, விட்டுப்போன கதையை எடுத்து மேசைமேல் வைத்தார். வாணி எண்ணைத் தட்டினாள்.

“இன்னா சொல்லுது?” என்றார் தாத்தா.

“இவரிடம் பாக்கி ஏதும் இல்லை” என்று வாணி படித்தாள்.

“காது கேக்கல. சத்தமா படி.”

“இவரிடம் பாக்கி ஏதும் இல்லை!”

“இன்னும் கொஞ்சம்.”

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும் என்று வாணிக்குத் தெரியும். இருந்தாலும் மூன்றாவது முறை, ரயில் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கிற மாதிரி படித்தாள்.