நான்கு சுவருக்குள் ஓர் அழுகை

வாசலுக்கு வெளியே தரையில் பரப்பியிருந்த நாணலை யாரோ பெருக்கித் தள்ளியிருந்தார்கள். விடிகாலையில் பிள்ளை பெற்றுப் படுக்கையில் கிடந்த மரியோட்டாவுக்கு அது காதில்தான் தெரிந்தது. நேற்றுவரை சரசரவென்று வந்த காலடிகள் இன்று வெறுங்கல்லில் டக் டக்கென்று வந்து, கதவுக்கு அப்பால் நின்றுவிட்டன. கடற்காற்று கோட்டைச் சுவரின் அம்புத்துளை வழியே ஊளையிட்டுக்கொண்டிருக்க, அறையெங்கும் அடுப்புப் புகையும் ரத்தமும் ஈரக் கம்பளியும் கலந்த வாடை அடித்தது.

"யாரு அது, பெத்தக்?"

மருத்துவச்சி பெத்தக் தலையைத் தூக்கவில்லை. "உங்க வீட்டுக்காரரு. கூட ரெண்டு சாட்சிங்க. காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை. இந்தக் கோட்டையும் நிலமும் அவள் அப்பா அவளுக்கு விட்டுப்போனவை. வாரிசில்லாமல் அவள் செத்தால் எல்லாம் தங்கை ஃபோர்வெலத்துக்குப் போகும். புருஷன் துகாலுக்கு ஒரு பிடி மண் கிடையாது. ஆனால் ஸ்காட்டு தேசத்துச் சட்டத்தில் ஒரு சந்து உண்டு. பிறந்த பிள்ளை நான்கு சுவருக்குள் ஒரே ஒரு தடவை அழுது, அதை ஆள் கேட்டுவிட்டால் போதும். பிள்ளை மறுநிமிஷமே போனாலும், பெண்டாட்டி போனாலும், புருஷன் சாகும்வரை நிலம் அவனுக்குத்தான். இதை ஏற்படுத்தின மகராசர்கள் யாரும் ஒரு பிள்ளையைப் பெற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவள் பிள்ளை அழவில்லை. நீலம் பாரித்துத்தான் வந்தது. துணியில் சுற்றித் தொட்டிலில் கிடத்தியிருந்தார்கள். வயிறெரிய அழுதாள் மரியோட்டா. கூடவே வெட்கங்கெட்ட ஓர் ஆறுதலும் இருந்தது: அழுகை கேட்காதவரை துகாலுக்கு அவள் உயிரோடு வேண்டும்.

"புள்ள அழுதுச்சா?" கதவுக்கு வெளியே துகாலின் குரல்.

"அது எங்கய்யா அழும்?" என்றாள் பெத்தக்.

"அழும். சாவி என்கிட்டதான் இருக்கு. நாங்க நிக்கிறோம்."

பெத்தக் மரியோட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்கம்மா. அந்த ஆளுக்காகப் பொய்யழுகை நான் அழ மாட்டேன்." வாயை இறுக மூடிக்கொண்டாள்.

மதியம் சாய்ந்தது. காற்று நின்றது. புகைகூட அசையவில்லை.

ஒரு முனகல். பூனைக்குட்டி மாதிரி.

மரியோட்டா பெத்தக்கின் வாயைப் பார்த்தாள். மூடியிருந்தது.

தொட்டில்.

தவழ்ந்து போனாள். துணியை விலக்கினாள். அதே நீலம். மூடிய கண்கள். வாய் மட்டும் திறந்திருந்தது.

"வேண்டாம் கண்ணு," என்றாள். "அம்மாவைக் கொன்னுடாத."

உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினாள். ஆற்றுக்கல்லாய்க் குளிர்ந்திருந்தது. மூச்சில்லை. விரலிடுக்கில் அழுகை வீறிட்டது. பெரிதாக. இன்னும் பெரிதாக.

"கேட்டேன்," என்றது வெளியே ஒரு குரல்.

"நானும் கேட்டேன்."

அழுகை சட்டென்று நின்றது. இரண்டு பேரின் காலடிகள் படியிறங்கிப் போயின. ஒருவன் போகவில்லை. பூட்டில் சாவி திரும்பியது.

துகால் பெத்தக்கை வெளியே தள்ளிக் கதவைத் தாளிட்டான். கையில் தலையணை. மரியோட்டா எழுந்து ஓடப் பார்த்தாள். முடியவில்லை. தொட்டிலுக்குள் குளிர்ந்த சின்ன விரல்கள் அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தன, விடாமல்.