பின்சீட்டிலிருந்து ஒரு ‘ம்’

கிளட்ச்சை விட்டதும் ஸ்கூட்டர் பின்னால் போனது.

முதல் கியர்தான். கைப்பிடியில் ஒன்று என்ற எண் புள்ளிக்கு நேராகத்தான் நின்றது. துணைப் பொது மேலாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறையும் பார்த்தார். கேட்டைப் பார்த்து நின்ற வண்டி அவரையும் சுமந்துகொண்டு நாலடி பின்வாங்கி, சுவரில் முட்டி அணைந்தது. முப்பத்தோரு வருட உத்தியோகத்தில் எந்த விஷயத்திலும் பின்வாங்கியதில்லை என்று பிரிவுபசார விழாவில் அவரைப் பற்றிச் சொல்லப்பட்டது. சொன்னவர் அவரே.

கேட்டில் தொங்கும் பலகையில் ‘துணைப் பொது மேலாளர்’ என்பது தெருமுனைவரை தெரியும். ‘ஓய்வு’ என்பதைப் படிக்க மூக்கைப் பலகையில் உரச வேண்டும்.

வேறு வழியில்லாமல் மெக்கானிக்குக்குப் போன் செய்தார். கொட்டாவிதான் முதலில் வந்தது.

“எஞ்சின் டைமிங்ல கை வெச்சீங்களா சார்?”

“கை வைக்கலை. சீரமைச்சேன்.”

“அதான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எந்தப் பக்கம் சுத்தினாலும் ஒண்ணுதான் சார். உதைக்கிறப்போ எதிர்ப்பக்கம் பிடிச்சுக்கிச்சு. மறுபடி உதைங்க, சரியாயிடும். ஆனா எஞ்சின் ஓட ஓட வண்டியை ஒரே இடத்துல நிறுத்தி வெச்சிராதீங்க. சாகப் போற மாதிரி இழுத்துட்டு தானாவே எதிர்ப்பக்கம் திரும்பிக்கும். சத்தத்துல வித்தியாசமே தெரியாது. கடைக்குக் கொண்டாங்க, பத்து நிமிஷ வேலை.”

“எனக்குப் பாடம் எடுக்காதேப்பா” என்று போனை வைத்தார்.

பத்து நிமிஷம் அவரிடம் இல்லை. காலை ஆறு மணி பஸ்ஸில் மனைவி வருகிறாள். “நீங்களே வரணும். நான் இறங்கறப்போ நீங்க அங்க இல்லேன்னா அதே பஸ்ல திரும்பிடுவேன்” என்று மகள் வீட்டிலிருந்து சொல்லியிருந்தாள்.

நாலு மாதத்துக்கு முன்பு பெட்ரோல் பங்கில் அவள் இறங்கி நின்றாள். அவர் டாங்க்கை நிரப்பிக்கொண்டு, எரிபொருள் சிக்கனம் பற்றிப் பேசியபடியே ஐந்து கிலோமீட்டர் வந்துவிட்டார். வீட்டு வாசலில்தான் பின்சீட் காலி என்று தெரிந்தது. திரும்பிப் போனவர் மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டு, “வழியெல்லாம் ம் சொல்லிட்டு வந்தியே!” என்று அவளையே கேட்டார். அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

அதற்கப்புறம் வீட்டில் யாரும் ‘ம்’ சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜையில் உலக நிலவரத்தை ஃபிரிட்ஜிடம் விளக்குவார். அது நடுநடுவே உறுமும். பிறகு அதுவும் அடங்கிவிடும். இரவில் குழாய் சொட்டுகிற இடைவெளிகளை எண்ணிக்கொண்டு கட்டிலின் ஒரு பாதியில் மட்டுமே படுத்திருப்பார்.

மறுபடி உதைத்தார். இந்த முறை வண்டி முன்னால் போனது.

தெருவைப் பனி மூடியிருந்தது. விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக வெளுத்து முளைத்து, பக்கத்தில் வந்ததும் மஞ்சளாகி, முதுகுக்குப் பின்னால் கரைந்துகொண்டிருந்தன, ஆயில் கலந்த பெட்ரோல் புகையின் இனிப்பு வாடை ஈரத்தில் ஊறிக் கழுத்தைச் சுற்றிக்கொண்டு கூடவே வந்தது, எங்கும் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

“ம்.”

காதுக்குப் பின்னால்.

அவர் திரும்பவில்லை. அடுத்த நொடி அவர் வாய் தானாகத் திறந்தது. “சீரான வேகத்துல போகணும். அதான் முக்கியம்.”

யாரிடம் சொன்னோம்? பேச நினைக்கவே இல்லையே.

சாலை வளைந்தது. “ஆமாமா, உங்களுக்குத் தெரியாததா” என்றது பின்சீட். மனைவியின் குரல்தான், அந்தச் சலிப்பு வேறு யாருக்கும் வராது. உடனே அவர் நாக்கு புரண்டது. “இந்த எஞ்சினைப் பத்தி எனக்குத் தெரியாதது எதுவுமே இல்ல.”

பதில் முதலில் வருகிறது. அவர் பேச்சு அதற்குப் பின்னால்.

தன் தலைமுடிக்கு நேராகத் திருப்பி வைத்திருந்த பக்கக் கண்ணாடியை வெளியே திருப்பினார். காலி சீட். அதன் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்த பள்ளம்.

பற்களைக் கடித்துக்கொண்டார். “ம்” என்றது. தாடையை யாரோ விரித்துப் பிளந்தது போல வாய் திறந்தது. “கெட்டியாப் பிடிச்சுக்கோ.”

இடுப்பில் எதுவும் படவில்லை. ஆனால் சட்டை மட்டும் அங்கே கொத்தாகச் சுருங்கியது.

பஸ் நிலையத்தில் ஒரு விளக்கு. மனித நடமாட்டமே இல்லை. எப்போதும் தயார் நிலையில் இருப்பவர் என்பதால் அவர் நியூட்ரலுக்குப் போவதில்லை. கியரில் வைத்து, கிளட்ச்சைப் பிடித்தபடி, இரண்டு காலையும் ஊன்றி நின்றார். பெரிய மூச்சோடு பஸ் வந்து அவர் முதுகுக்குப் பின்னால் குறுக்காக நின்றது. நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடம்.

எஞ்சின் இழுத்தது. டுக். டுக். டு...

நின்றது.

உள்ளிருந்து தானாகவே ஒரு உதை. மறுபடி ஓடியது. அதே சத்தம்.

எந்தப் பக்கம்?

பின்சீட்டில் அலறல் கேட்டது. அவள் குரல். நீளமாக. பாதியில் அறுந்தது.

பிறகு அதே இடத்திலிருந்து, கொஞ்சம் சிரிப்போடு: “வந்துட்டேன், வந்துட்டேன். அதுக்குள்ள என்ன அவசரம்?”

கண்ணாடியில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கினாள். கையில் பெட்டி. நாலு மாதத்தில் இளைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும், வந்திருக்கிறாரே என்று, முகம் மலர்ந்தது.

ஆஃப் பொத்தானை அழுத்தினார். ஓடியது. மறுபடி அழுத்தினார். ஓடியது. கியரைத் திருகினார். இறுகிக் கிடந்தது. பிரேக்கைத் தேடிய கால் தரையை விட்டு எழவில்லை.

வராதே. அதைத்தான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. வாய் திறந்தது.

“சீக்கிரம் வா. பின்னாடி வந்து ஏறு.”

அவள் சிரித்தாள். பஸ்ஸுக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் வந்தாள்.

“வந்துட்டேன், வந்துட்டேன். அதுக்குள்ள என்ன அவசரம்?”

கண்டக்டர் விசில் ஊதினார். அவள் முதுகுக்குப் பின்னால் பஸ்ஸின் பெரிய சக்கரம் மெதுவாக உருளத் தொடங்கியது.

கிளட்ச்சைப் பிடித்திருந்த கையில், முதலில் சுண்டுவிரல் விட்டது. அப்புறம் அதற்கு அடுத்தது.