நூல் கட்டாத காய்

விளக்குக்காலை ஆறு மணிக்குக் கொடிக்கூடத்தின் கூரை விளக்குகளில் வெளிச்சம் ஏறும். செங்காந்தள் பூக்கள் விரியத் தொடங்கும். அடுத்த மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தாக வேண்டும். கோமளா தூரிகையால் ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டாள். இரண்டு கொடி தள்ளி இன்னொரு பூவின் சூல்முடியில் தடவினாள். காம்பில் தன் ஊதா நூலைக் கட்டினாள். அடுத்த பூ.

காந்தள் வீம்பு பிடித்த பூ. சூல்தண்டைப் பக்கவாட்டில் வெடுக்கென்று திருப்பிக்கொண்டு, தன் மகரந்தம் தன்மேல் படாமல் விலகி நிற்கும். யாராவது வேறு கொடியிலிருந்து கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஆழூரில் அந்த யாராவது மனிதர்கள்தான். மேலே காற்று நஞ்சாகி நூற்றுப்பத்து வருடமாகிறது. தரைக்கு இருநூறடி கீழே வாழும் ஒன்பதாயிரம் பேரின் மூட்டுவலிக்கு இந்த விதைதான் மருந்து. அளவுக்கு மீறிக் காய்த்தால் கிழங்கு செத்துப்போகும். அதனால் எந்தப் பூவைத் தொடலாம் என்பதற்கு அனுமதி உண்டு. தொட்டவரின் நூல் காயில் இருக்க வேண்டும். நூல் இல்லாத காய் என்றால் திருட்டு.

"அம்மிணி, தூரிகையைக் கீழ வை."

மேற்பார்வையாளர் நாச்சிமுத்து பின்னால் நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"என்னுங்ண்ணா ஆச்சு?"

கையிலிருந்த திரையை நீட்டினார். சுவர் விரிசல்களைத் தேடி ஊர்ந்து திரியும் ஊர்விழி இயந்திரம், தரைவரை போகும் பழைய காற்றுப்போக்கிக் குழாய்க்குள் எடுத்த படம். மூடிக்கதவின் ரப்பரைத் துளைத்துக்கொண்டு, கோமளாவின் நாற்பத்தோராம் கொடி அந்தக் குழாய்க்குள் ஏறியிருந்தது. உச்சியில், மங்கலாக, ஒரு பச்சைக் காய். நூல் இல்லை.

"நான் தொடலீங்க."

"அப்பறம், அதுவா எறங்கி வந்து பூசிக்கிட்டுப் போச்சா? உன்ற வரிசைக் கொடி. கொடியைப் புடுங்கச் சொல்லிட்டாங்க. உனக்கு நாளையிலிருந்து பம்ப்பறை."

பதினாலு வயதில் பிடித்த தூரிகை. அது இல்லாமல் தன் கைகளை என்ன செய்வதென்றே கோமளாவுக்குத் தெரியாது.

"ஏறிப் பாத்துட்டுப் புடுங்குங்க. கிட்டக்கப் பாக்காம என்னைத் திருடீன்னு சொல்லாதீங்க."

"என்ற முட்டி இருக்கற லட்சணத்துல இருநூறடி ஏணியா?"

"மருந்து சாப்பிடறீங்கல்ல? நான் பூசுன விதைதான். ஏறுங்க."

முகமூடி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். ஒவ்வோர் இலையின் நுனியும் சுருண்டு ஒரு துருப்பிடித்த படியைப் பற்றியிருந்தது. கொடி அவர்களுக்கு முன்பே வழி பார்த்துவைத்த மாதிரி. நூறடி தாண்டியதும் இருட்டு சாம்பலானது. நூற்றைம்பதில் கோமளாவுக்குத் தன் விரல் நகம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் விளக்கின் மஞ்சள் இல்லை.

உச்சியில் ஓர் இரும்பு வலை. கொடி அதன் கண்ணில் நுழைந்து வெளியே போய், பக்கத்துக் கல்தூணில் தொற்றி, ஆளுயரத்துக்கும் மேலே படர்ந்திருந்தது. நெருப்பாகப் பூக்கள். நடுவே முப்பது, நாற்பது காய்கள். அதற்கும் மேலே கூரையே இல்லை. நீலம் போய்க்கொண்டே இருந்தது.



நாச்சிமுத்து வலைக்கண்ணில் இரண்டு விரலை நுழைத்தார். விரல்கணுவோடு நின்றுவிட்டன. "இதுக்குள்ள உன்ற கை போகாது அம்மிணி," என்றார் மெதுவாக. "யாரு கையும் போகாது. அப்ப இதைச் செஞ்சது யாரு?"

பதில் பறந்து வந்தது.

கட்டைவிரல் அளவுதான் இருக்கும். கருநீல மினுமினுப்பு, வளைந்த அலகு. ஒரு பூவின் முன்னால் இறக்கை தெரியாத வேகத்தில் அந்தரத்தில் நின்று, இதழின் அடியில் அலகை விட்டது. சூல்முடி அதன் நெற்றியில் உரசியது. வரும்போதே அந்த நெற்றி மஞ்சளாக இருந்ததைக் கோமளா பார்த்தாள்.

"அண்ணா, அது வேற கொடியிலிருந்து எடுத்துட்டு வருதுங்க. மேல இன்னொரு காந்தள் இருக்குது."

நாச்சிமுத்து அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. பறவையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு முகமூடி இல்லையே அம்மிணி."

சொல்லிவிட்டு, தன்னுடையதைக் கழற்றினார். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. கண்ணில் நீர் கோத்தது, இருமல் வரவில்லை.

அவர் கீழே போய் என்ன சொன்னாரோ, எப்படிச் சொன்னாரோ. ஒரு மணி நேரத்தில் ஏணி நிறைந்துவிட்டது. ஒருவர் பார்த்துவிட்டு, சுவரோடு ஒட்டி, அடுத்தவருக்கு இடம் விட்டார். யாரும் யாரையும் தள்ளவில்லை. அன்று கொடிக்கூடத்தில் விரிந்த பூக்களைத் தொட ஆளில்லை. பம்ப்பறை முத்தரசன், எதற்கெடுத்தாலும் நக்கலடிக்கும் ஆசாமி, வலையில் கன்னத்தைப் பதித்துக்கொண்டு கோமளாவிடம் கேட்டான்.

"ஏனக்கா, அதுக்கு யாரு இந்த வேலையைச் சொல்லிக் குடுத்தாங்க?"

பூவின் அடியில் ஊறும் அந்தத் தேன் பிசுபிசுப்பைத் தினமும் சனியன் என்று துடைத்துப் போட்டவள் கோமளா. இப்போதுதான் அது எதற்கென்று தெரிந்தது.

"யாரும் சொல்லிக் குடுக்கலை தம்பி," என்றாள். "அதுக்குப் பசி."