பூஜ்ய மூச்சு

“நீ கண்டுபிடிச்ச இந்த மூச்சுவிளக்கு எதோட ஒப்பிட்டுப் பாத்து நோய் இருக்கு, இல்லன்னு சொல்லும்?” என்று கேட்டிருந்தான் ரொசாரியோ.

“நோயில்லாத ஒருத்தரோட மூச்சோட. அதுக்குப் பூஜ்ய மூச்சுன்னு பேரு.”

“யாரோட மூச்சு?”

“என்னோடதுதான். எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லையே.”

அவன் மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தான். “கிரேன் ஓட்டுறவருக்கு விஞ்ஞானத்துல சந்தேகமாக்கும்” என்று மனைவி ஜெசிந்தா சிரித்ததும், கேட்காமல் அவனும் சிரித்துவிட்டான்.

ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று தூத்துக்குடியில் மூச்சுவிளக்கு இல்லாத வாசல் இல்லை. பேருந்தில் ஏறும்போது ஊதுகிறார்கள். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும் முன் இரு வீட்டாரும் ஊதுகிறார்கள். வெள்ளை எரிந்தால் நலம். நீலம் எரிந்தால், ஈரலில் ஹெபடைடிஸ் பி கிருமி சத்தமில்லாமல் குடியிருக்கிறது என்று பொருள். நீலம் எரிந்தவர்களில் சிலருக்கு மாத்திரை, மற்றவர்களுக்குத் தொடர் கண்காணிப்பு. ஈரல் புற்றுநோய்ப் பிரிவில் பாதிக் கட்டில்கள் காலி.

அந்தப் பெருமையைக் கொண்டாடத்தான் இன்று கடற்கரை மைதானத்தில் விழா.

“நல்லா இருக்கேன்னு சொல்றது சான்று இல்லை. இந்தக் கிருமி அறிகுறி காட்டாது. நல்லா இருக்கிறவங்கதான் முதல்ல ஊதணும்” என்றாள் மேடையில் ஜெசிந்தா. முன்வரிசையில் ரொசாரியோவின் கைதட்டல்தான் கடைசியாக ஓய்ந்தது.

இறங்கி வந்தவளை ஒரு கர்ப்பிணிப் பெண் மறித்தாள்.

“டாக்டரம்மா, போன வாரமும் ஊதுனேன், வெள்ளைதான். பிரசவத்துக்குப் பேரு பதியப் போனா, ரத்தத்துல கிருமி இருக்குன்னு சொல்லுதாவ. நான் எத நம்ப? பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?”

“ரத்தத்த நம்பும்மா. பிறந்ததும் பிள்ளைக்கு ஊசி போட்டுருவாங்க, பயப்படாத. உனக்கும் மருந்து வேணுமான்னு பாப்பாங்க.”

அவள் போன பிறகுதான் ஜெசிந்தாவுக்கு உறைத்தது. விளக்கு ஏன் வெள்ளை காட்டியது? பூஜ்ய மூச்சில் எவ்வளவு கிருமி இருக்கிறதோ, அந்த அளவு வரை யாரிடம் இருந்தாலும் அது நலம் என்றே சொல்லும். அப்படி எத்தனை பேர் வெள்ளையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள்?

அவளுடைய மாலையையும் கேடயத்தையும் சுமந்துகொண்டு ரொசாரியோ வந்தான்; அந்தப் பெண் சொன்னது அவன் காதிலும் விழுந்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்தவன் அவற்றைக் கீழே வைத்தான்.

“என்னங்க, பூஜ்ய மூச்சு என்னோடதுன்னு சொன்ன அன்னைக்கு என்கிட்ட என்னமோ கேக்க வந்தீங்களே?”

“ஊரே உன்னை நம்பி ஊதுது ஜெசி. இதையும் நீதான் சரி பண்ணப்போற, எனக்குத் தெரியும்.” அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “அதுக்கு முன்னாடி, உன் ரத்தத்த ஒரு தடவை சோதிச்சுப் பாத்துருவோமா?”