டெஸ்க்டாப்பை அணைத்த மதியம்

கேமராப் படத்தில் மகள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். படத்தின் மூலையில் நேரம் இரண்டு பத்திலேயே நின்றிருந்தது. அவன் கடிகாரத்தில் இரண்டு இருபது.

ஏழு வயதுப் பிள்ளையைக் காய்ச்சலோடு வீட்டில் தனியே பூட்டிவிட்டு வந்திருந்தான். "பிள்ளைக்குக் காய்ச்சல்னா டாக்டரைப் பாருங்க. என்னை ஏன் பாக்குறீங்க?" என்று லீவுத் தாளைத் தள்ளிவிட்டார் மேலாளர். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். நர்ஸ் மனைவி அதை நம்பித்தான் டியூட்டிக்குப் போனாளோ என்னவோ. ஊர் கம்ப்யூட்டரையெல்லாம் சரிசெய்கிறவன் வீட்டில் இருந்ததோ ஒரு கிழட்டு லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டி. கேமராவைக் காட்டி, அறையில் எத்தனை பேர் என்று எண்ணுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கி, படம் அப்படியே நின்றுவிடும்.

ஏசியின் முனகலும் யாரோ மூடாமல் விட்ட சாப்பாட்டு டப்பாவின் புளித்த வாடையும் சூழ்ந்திருந்த ஆபீஸ் நாற்காலியில் இருந்தபடியே, வீட்டுப் பெட்டியை ஓடவிட்டு அதன் டெஸ்க்டாப் திரையை மட்டும் அணைத்தான். படமும் மவுஸ் அம்பும் போனால் சுமை குறையும். எண்ணிக்கையை எழுத்தில் படித்துக்கொள்ளலாம். திரை கறுத்தது. வெள்ளை வரிகள் வந்தன.

படுக்கையறை: 1
படுக்கையறை: 1
படுக்கையறை: 2

சனியன், தலையணையையும் ஆளென்று எண்ணுகிறது என்று திட்டினான். அடுத்த வரியும் இரண்டு. அதற்கடுத்ததும். வாசல் கதவு திறந்ததாக ஒரு வரியும் வரவில்லை.

மனைவிக்கு போன் அடித்தான்.

"வார்டுலதாங்க இருக்கேன். ஏன், என்னாச்சு?"

போனை வைத்தான். டெஸ்க்டாப்பை மறுபடி கிளப்பினான். அது எழுந்துவர நேரமாகும். வீட்டு போனுக்கு அடித்தான். ஐந்தாவது மணியில் மகள் எடுத்தாள்.

"பாப்பா, கூட யாரும்மா இருக்கா?"

"மெதுவா பேசுங்க. அப்பா தூங்குறாரு."

"அப்பா நான்தாண்டா! ஆபீஸ்லேர்ந்து பேசுறேன்!"

"அப்பா ஆபீஸ் போகலையே. எனக்காக லீவு போட்டுட்டாரு."

அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். அவனிடம் அவள் அப்படிப் பேசி வருடமாகிறது.

"நீங்க யாரு, அங்கிள்?"

படம் வந்தது. மேலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக. சுவர். ஜன்னல். மகள். அவள் பக்கத்தில் எழுந்து உட்கார்ந்த ஆள். அவனுடைய சட்டை. அவனுடைய தோள். அவனுடைய முகம்.

அது போனை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கியது. கேமராவை நிமிர்ந்து பார்த்தது.

"ராங் நம்பர்டா கண்ணு," என்றது, அவன் குரலில். "நீ படு."