மேல்வரியில் அம்மாவின் பெயர்

"இதை யாருங்க செஞ்சது?"

அவள் போட்ட சத்தத்தில் மனநல மருத்துவமனையின் காத்திருப்பு அறையே திரும்பிப் பார்த்தது. வெளியே நல்ல மழை. அந்த மழையில்தான் அம்மா குடைகூட எடுக்காமல் எழுந்து போய்விட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். அடுத்த சந்திப்புக்கு நேரம் குறிக்க, மூலையிலிருந்த கணினியில் அம்மாவுக்காக அவள் ஒரு லிங்கை அழுத்தினாள். திரையின் உச்சியில், இணைய முகவரியோடு ஒட்டிக்கொண்டு, அம்மாவின் பெயர், வயது, நோய், மாத்திரை... எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வரிசையில் பின்னால் நின்ற யாரோ ஒருத்தி அதை வாய்விட்டே படித்துவிட்டாள்.

"நான்தாங்க," என்றான், கணினிக்குப் பின்னால் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தவன். "லிங்க்னா அப்படித்தாங்க. விவரத்தை முகவரியிலயே சேத்து அனுப்பும். எல்லா இடத்துலயும் இப்படித்தான்."

"எல்லா இடத்துலயும் எங்கம்மா இல்லைங்க! எவ்வளவு கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன் தெரியுமா? இனிமே வரவே மாட்டாங்க. உங்க அம்மா பேரை இப்படிப் போடுவீங்களா?"

அவன் நிமிர்ந்தான். பெரிய கண்கள்... சட்டென்று கலங்கின.

"எங்கம்மா டாக்டர்கிட்டயே போகலைங்க. நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னு பயந்தே... போய்ச் சேந்துட்டாங்க."

'ஐயோ... ஏன் கேட்டேன்?' மன்னிப்பு நுனிநாக்கு வரை வந்தது. வீம்பு விடவில்லை. மழையில் இறங்கி நடந்துவிட்டாள்.

சில நாள் கழித்து அவனிடமிருந்து ஃபோன் வந்தது. "மாத்திட்டேங்க. ஒரு தடவை வந்து பாருங்க. பிடிக்கலைன்னா திட்டிட்டுப் போங்க."

அம்மா காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். "திட்டறதுக்குன்னா நானும் வரேன்."

"நீங்களே அழுத்துங்கம்மா," என்றான் அவன், மருத்துவமனையின் அதே கணினியைக் காட்டி. அழுத்தினாள். மேலே மருத்துவமனையின் முகவரி மட்டும், துடைத்து வைத்தது போல.

"என் பேரு எங்க தம்பி?"

"லிங்க்குக்குப் பின்னால கண்ணுக்குத் தெரியாத ஒரு படிவம் வெச்சிருக்கேம்மா. நீங்க அழுத்தினதும் விவரமெல்லாம் அதுல ஏறி உள்ளாறவே போயிடும். வழியில யாரும் பிரிக்க முடியாதபடி பூட்டும் போட்டாச்சு."

"பாக்க பழசு மாதிரியே இருக்கே?"

"அதே சட்டைதாம்மா... பாக்கெட்டை மட்டும் உள்பக்கமாத் தெச்சுட்டேன்."

அம்மா சிரித்துவிட்டாள். எத்தனை காலத்துக்குப் பிறகு! அவனும் சிரித்தான். அவன் சிரிக்கும்போது இடது கண் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரிக்கும்... மகள் அன்றுதான் அதைப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

அம்மா தவறாமல் வைத்தியத்துக்கு வந்தாள். அவளும் கூடவே வந்தாள். நுனிநாக்கில் நின்றது மட்டும் நின்றபடியே இருந்தது.

ஒருநாள் தனியாக வந்து நின்றாள்.

"அம்மா எங்க? இன்னிக்கு எத்தனை மணிக்கு டாக்டர்?" என்றான்.

"இன்னிக்கு டாக்டர் இல்ல."

"அப்புறம்...?"

அறை முழுக்க ஆட்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"அன்னிக்கு உங்கம்மாவைச் சொன்னது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்... இல்ல, பொய். உங்களைப் பாக்கத்தான் வந்தேன். யார் வேணா கேட்டுக்கட்டும்."