எண் சொல்லாத வெள்ளிக்கிழமை

"அது என்னோடது!"

இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் கசகசா வைத்த கொலாச்சே பன் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

பிரிட்டா திரும்பினாள். மழையில் நனைந்த சிவப்புத் தொப்பி... அதற்குக் கீழே இரண்டு கண்கள். கோபமாகப் பார்க்க நினைத்து, முடியாமல் சிரிக்கிற கண்கள்.

"வேற நாளா இருந்தா விட்டுக் கொடுத்திருப்பேன்," என்றான் அவன். "இந்த வாரம் எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல் இந்த பன்தான். நாப்பத்திநாலு சதவீதம்னு சொல்லிட்டா அந்தப் பொண்ணு."

"எந்தப் பொண்ணு?"

"அதான், ரேடியோல வந்து நம்ம டீம் தோத்துடும்னு ஆரூடம் சொல்ற கணக்கு டீச்சர். சொந்த ஊர் டீமுக்குப் பாதி கொடுக்கக்கூட மனசு வரலை பாருங்க!"

"மனசு எதுக்குங்க வரணும்? கணக்கு வந்தா போதாதா?" பிரிட்டாவுக்குச் சுருக்கென்றது. "நாப்பத்திநாலுன்னா தோத்துடுவோம்னு அர்த்தம் இல்ல. இதே ஆட்டத்தை நூறு தடவை ஆடினா நாப்பத்திநாலு தடவை நாம ஜெயிப்போம்."

"சனிக்கிழமை ஒரு தடவைதாங்க ஆடப் போறோம்!"

"அந்த ஒரு தடவை எதுன்னு என் கம்ப்யூட்டர் மாடலுக்குத் தெரியாது."

"உங்க... மாடலா?"

தொப்பி கழன்றது. காது மடல் வரை சிவந்துவிட்டது பிள்ளைக்கு. பிரிட்டா பன்னை வாங்கி, இரண்டாகப் பிய்த்து, சின்னப் பாதியை அவனிடம் நீட்டினாள்.

"உங்க பங்கு. நாப்பத்திநாலு சதவீதம்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் வினையே ஆரம்பித்தது.

அவன் பெயர் வேட் ஹவெல்கா. நெப்ராஸ்காவில், பிளாட் நதிக்கரையில் இருக்கும் எங்கள் சின்னக் கல்லூரியின் ஃபுட்பால் டீமுக்கு, அதாவது பந்தைக் கையால் எறிந்து, இடித்துத் தள்ளி ஆடுகிற அமெரிக்க ஃபுட்பாலுக்கு, துணைக் கோச். தலைமைக் கோச் லைல் ஹவெல்கா அவனுடைய அப்பா. அதே கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக் கொடுப்பவள் பிரிட்டா லுண்ட். ஒவ்வொரு அணியும் எப்படித் தாக்குகிறது, எப்படித் தடுக்கிறது, யார் ஊரில் ஆட்டம், காற்று எந்தப் பக்கம், யாருக்கு அடி... எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் கொட்டி, அந்த ஆட்டத்தைப் பத்தாயிரம் முறை ஆடிப் பார்ப்பாள். திங்கட்கிழமை முதல் எண். வெள்ளிக்கிழமை மாலை, உள்ளூர் ரேடியோவில் கடைசி எண்.

அவளுக்குத் திமிர் உண்டு, மறைப்பானேன். வந்த எண்ணை ஒரு நாளும் கையால் தொட்டதில்லை. ஊரே கெஞ்சினாலும் ஒரு புள்ளி ஏற்ற மாட்டாள், எதிரி திட்டினாலும் ஒரு புள்ளி இறக்க மாட்டாள். அதனால்தான் எதிரணிக் கோச்சுகள்கூட வெள்ளிக்கிழமை மாலை ரேடியோப் பெட்டிக்குக் காது கொடுத்தார்கள். அந்தப் பெருமை அவள் நடையிலேயே தெரியும்.

மறுநாள் செவ்வாய், அதே பேக்கரி... "தற்செயலா வந்தேன்" என்றான். புதனும் தற்செயல்தான்! வியாழன் மாலை மழை பிடித்துக்கொண்டது. அவளிடம் ஒரு குடை. அவனிடம் அதுவும் இல்லை.

"குடைக்குள்ள வாங்க. கோச்சுக்குச் சளி பிடிச்சா அதையும் கணக்குல சேர்க்கணும்."

"எதைத்தான் விடுவீங்க நீங்க?"

தோள் உரசாமல் நடக்க இருவரும் பட்ட பாடு... குடைக்குத்தான் தெரியும். அவள் வாசனை, மழை வாசனை, பக்கத்து வீட்டில் யாரோ விறகு எரிக்கும் வாசனை. பேச்சு எங்கெங்கோ போயிற்று. அந்த மயக்கத்தில், ஒரு கோச் செய்யவே கூடாத தப்பை வேட் செய்தான்.

"பாவம் ட்ரென்ட்... நேத்து பிராக்டிஸ்ல தோள்ல அடி. பந்தை எறியுற கை. டாக்டர் ஆடலாம்னுட்டாரு, ஆனா தூரமா எறிய முடியாது. ராத்திரி எனக்குத் தூக்கமே..."

குடை நின்றுவிட்டது.

ட்ரென்ட்தான் குவார்ட்டர்பேக், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன். மொத்த ஆட்டமும் அவன் கையில். அவனுக்கு அடி என்பது கோச்சுகளைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம். பிரிட்டாவின் கண்களைப் பார்த்ததும் வேட்டுக்கு உறைத்தது.

"இதை... கணக்குல போட்டுடுவீங்களா?"

"தெரிஞ்ச பிறகு தெரியாத மாதிரி கணக்குப் போட எனக்கு வராதுங்க."

"எண் படக்குனு இறங்கினா ஏன்னு எதிர் டீம்காரங்க கண்டுபிடிச்சுடுவாங்க. அந்தத் தோளையே குறிவெச்சு இடிப்பாங்க. பையனோட கை போயிடும், பிரிட்டா!"

"அதை என்கிட்ட ஏன் சொன்னீங்க?"

"நான் பிரிட்டாகிட்ட சொன்னேன். மாடல்கிட்ட சொல்லல."

அவன் குடையை விட்டு விலகி, கொட்டுகிற மழையில் நடந்து போனான். திரும்பியே பார்க்கவில்லை. 'போகட்டுமே... என் மேல என்ன தப்பு?' என்று தலையை நிமிர்த்திக்கொண்டாள். ஆனாலும் குடையின் அந்தப் பாதி காலியாக இருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை.

அன்றிரவே வேட் அப்பாவிடம் ஒப்புக்கொண்டான் என்றும், பெரியவர் "அந்த நம்பர்க்காரிகிட்டயாடா உளறினே?" என்று மேஜையைத் தட்டினார் என்றும் பிறகு கேள்விப்பட்டோம்.

வெள்ளிக்கிழமை மதியம் பிரிட்டா இரண்டு விதமாகவும் கணக்கை ஓட்டிப் பார்த்தாள். அடியைச் சேர்த்தால் இருபத்தேழு. சேர்க்காவிட்டால் அதே நாற்பத்திநாலு. இருபத்தேழைச் சொன்னால் நாளைக்கு ஒரு பையனின் தோள் உடையும். நாற்பத்திநாலைச் சொன்னால் இத்தனை வருஷம் கட்டிக் காத்த பெயரில் அவளே முதல் பொய்யை எழுதுவாள். கேட்பவர்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியுமே!

ரேடியோ நிலையத்தில் மேவிஸ் அக்கா மைக்கை இழுத்துவிட்டாள். இந்த ஊரில் பாதிப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல் அது.

"சொல்லு பிரிட்டா, நம்ம ஆட்டத்துக்குக் கடைசி எண் எவ்வளவு?"

"இந்த ஆட்டத்துக்கு இந்த வாரம் நான் எண் சொல்லப் போறதில்ல அக்கா."

"என்னது! கம்ப்யூட்டர் படுத்துடுச்சா?"

"இல்ல. கணக்குப் போடுறவ நடுவுல நிக்கணும். நான்..." ஒரு சாக்கு தேடித்தான் வாயைத் திறந்தாள். ஆனால் நாக்கில் வந்து நின்றது சாக்கு இல்லை, நிஜம். அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. "நான் இப்ப நடுவுல இல்ல. ஒரு பக்கம் சாஞ்சுட்டேன். அப்படிப்பட்டவ சொல்ற எண்ணை யாரும் நம்பக் கூடாது."

"எந்தப் பக்கம்மா சாஞ்சே?"

"ஹவெல்கா பக்கம்."

மேவிஸ் அக்காவின் புருவம் கூரையைத் தொட்டது. "அப்பாவா, பையனா?"

"அப்பாவுக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே அக்கா!"

ஊரே சிரித்தது. எதிரணி ஊரிலும் சிரித்திருப்பார்கள். கணக்கு டீச்சருக்குக் காதல் வந்துவிட்டது என்று நினைத்தார்களே தவிர, ஒரு தோளைப் பற்றி எவனுக்கும் சந்தேகம் வரவில்லை.

சனிக்கிழமை. தூறல். ஆட்டத்துக்கு முன்னால் டீம் பஸ்ஸில் இருந்து இறங்கி, இருபுறமும் நிற்கிற ஜனங்களுக்கு நடுவே மைதானத்துக்கு நடக்கும். அந்த நடையில் யாரும் நிற்கக் கூடாது, பக்கவாட்டில் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. லைல் ஹவெல்கா வைத்த சட்டம். சொந்த மனைவி கை ஆட்டினாலும் அவர் திரும்பியதில்லை.

வேட் முன்னால் வந்தான். கூட்டத்தில் பிரிட்டாவைக் கண்டான். நின்றான்.

பின்னால் வந்த மலை மலையான ஆட்டக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டு நின்றார்கள். பாண்டு வாத்தியம்கூடத் தடுமாறி ஓய்ந்தது.

"நேத்து நீங்க பொய்யும் சொல்லல... எங்களைக் காட்டியும் கொடுக்கல," என்றான் தாழ்ந்த குரலில். "உங்களைப் போய் அப்படிப் பேசிட்டேனே. ரேடியோல சொன்னது... எங்களைக் காப்பாத்தறதுக்காகவா?"

பிரிட்டா தலையைக் குனியவில்லை. மழைத்துளி இமையில் நிற்க, அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"டீமுக்காகன்னா எண் இல்லன்னு மட்டும் சொல்லிட்டுப் பேசாம இருந்திருப்பேன். வாயைத் திறந்தது எனக்காக. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, வேட். ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன், உங்ககிட்ட மட்டும்தான் சொல்லல. இப்ப சொல்லிட்டேன்."

வேட் நனைந்த தொப்பியைக் கழற்றினான், திரும்பவும் மாட்டினான். அவன் தோளுக்குப் பின்னாலிருந்து கரகரத்த குரல் ஒன்று கேட்டது.

"டேய், அந்தப் பொண்ணு எவ்வளவு நிமிர்ந்து நின்னு சொல்லுது! மரம் மாதிரி நிக்காம பதில் சொல்லுடா. நாங்க எல்லாரும் நனையறோம்."

சட்டம் போட்ட லைல் ஹவெல்காவேதான்.

வேட் சிரித்தான். பிறகு, ஆட்டக்காரர்கள், பாண்டு வாத்தியக்காரர்கள், மேவிஸ் அக்கா, மொத்த ஊரும் கேட்கும்படி உரக்கச் சொன்னான்.

"நானும்தான், பிரிட்டா... அந்த பேக்கரியில இருந்தே!"